பக்கக்காற்றில் தரையிறங்க மூன்று வழி, இறங்காமல் இருக்க ஒரு வழி

"சார், காலையில வந்த இன்ஸ்ட்ரக்டர் கடைசி வரைக்கும் கிராப்லயே வந்து அப்புறம் ரட்டரை உதைன்னு சொல்றார். மத்தியானம் வந்தவர், அதெல்லாம் வேண்டாம், ஃபைனல்லயே இறக்கையைச் சாய்ச்சு வச்சுக்கோங்கறார். நான் யார் பேச்சைக் கேக்கறது?"

பக்கக்காற்றில், அதாவது ரன்வேக்குக் குறுக்கே வீசும் காற்றில், எப்படி இறங்குவது என்பதுதான் கேள்வி. ஃபைனல் என்றால் ரன்வேக்கு நேராகத் திரும்பி இறங்கி வரும் கடைசிப் பாதை. ரட்டர் என்றால் காலால் மிதித்து மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு. கிராப் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். கேட்டவள் ஓசூர்ப் பெண். பெங்களூர் ஹெப்பாளில் அறை எடுத்துத் தங்கி, ஜக்கூர் விமானக் களத்தில் செஸ்னா 172 என்ற குட்டி விமானம் ஓட்டக் கற்கிறாள். ஆடி பிறந்துவிட்டால் எனக்கு இந்த மாதிரி போன்கள் வரத் தொடங்கும். ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்பது ஊர்ப் பேச்சு. இந்தச் செஸ்னாவோ ஆயிரத்துச் சொச்சம் கிலோதான், அதிலும் பெரிய இறக்கை வேறு. பல வருடம் பறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு இப்போது பெங்களூரில் மேஜை வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் இங்கே பறக்கக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் எப்படியோ நம்பரைப் பிடித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பள்ளி வகுத்த வரம்பும், விமானத்தோடு வரும் கையேடும் நான் எழுதுவதற்கு மேலானவை. இது அவற்றைப் புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முறைகளை "எது அழகாக இருக்கிறது", "ஏர்லைனில் எப்படிச் செய்கிறார்கள்" என்று ஒப்பிடுவதுதான் வழக்கம். நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

காற்று நம் கைக்கு மீறியது என்பதை இந்த முறை எவ்வளவு முன்னதாகக் காட்டிக்கொடுக்கும்? ஒரு விநாடி முன்னே பின்னே ஆனால் என்ன விலை? சக்கரத்துக்கும் டயருக்கும் என்ன ஆகும்? 40 மணி நேரம் பறந்தவர் கையில் இது உட்காருமா, 400 மணி நேரம் தேவையா?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் நான் பாதி மதிப்பெண் கொடுப்பேன். பக்கக்காற்று விபத்துகளில் பெரும்பாலும் தவறுவது கையல்ல, கணிப்பு. காற்று எவ்வளவு என்று தப்பாக எடை போட்டு, தப்பு என்று தெரியும்போது சக்கரம் தரைக்கு இரண்டடி மேலே இருக்கும். அதற்கப்புறம் என்ன கைத்திறன் இருந்து என்ன?

## காற்றை எடை போடுவது

ஜக்கூர் ரன்வே 08/26. அதாவது ஒரு பக்கம் 80 டிகிரி, மறுபக்கம் 260. தென்மேற்குப் பருவ மாதங்களில் பெங்களூரில் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து. அதைப் பார்த்துத்தான் இந்த ஊர் ரன்வேக்கள் எல்லாம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன.

காற்று 230 டிகிரியிலிருந்து 16 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) என்று டவர் சொன்னால், 26-க்கும் அதற்கும் இடையே 30 டிகிரி. 30 டிகிரி என்றால் காற்று வேகத்தில் பாதி: பக்கக்காற்று 8 நாட். 45 டிகிரி என்றால் பத்தில் ஏழு பங்கு, 60 என்றால் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு. மனக்கணக்குக்குக் கடிகாரம் போதும். 15 நிமிடம் கால், 30 அரை, 45 முக்கால், 60 முழுசு. கோணத்தை நிமிடமாக நினைத்துக்கொள்ளுங்கள். விடை சில இடங்களில் சற்றுக் கூடுதலாக வரும், அது நல்லதுதான்.

கணக்கு எளிது. ஆள் ஏமாறுவது அந்த 16 என்ற எண்ணில். டவர் சொல்வது இரண்டு நிமிடச் சராசரி. மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையில் வருவது பத்து நிமிடச் சராசரி. சராசரியைவிட 10 நாட்டோ அதற்கு மேலோ எகிறினால்தான் கஸ்ட் (திடீர் வீச்சு) என்று தனியாகச் சொல்வார்கள். எனவே 12 என்று காதில் விழுந்த இடத்தில் நடுநடுவே 20 வீசிக்கொண்டிருக்கலாம், யாரும் பொய் சொல்லவில்லை. கஸ்ட் சொல்லப்பட்டால் கணக்கை அந்த உச்ச எண்ணை வைத்தே போடுங்கள். இறங்க வரும் வேகத்தில் கஸ்ட் வித்தியாசத்தின் பாதியைக் கூட்டிக்கொள்வது வழக்கம்: 12-இலிருந்து 22 என்றால் வித்தியாசம் 10, பாதி 5, 65 நாட்டில் வருகிறவர் 70-இல் வரவேண்டும்.

அப்புறம் கட்டடங்கள். ஒரு காலத்தில் வெட்டவெளியாக இருந்த ஜக்கூரைச் சுற்றி இப்போது ஊர் வளர்ந்துவிட்டது. காற்று ஒரு கட்டடத்தைத் தாண்டும்போது அதன் பின்னால் சுழலும், இடைவெளியில் பாயும். ஹேங்கர் மறைவில் காற்றே இல்லாதது போல் இருந்துவிட்டு, அதைத் தாண்டியதும் கன்னத்தில் அறைந்தாற்போல் வரும். 500 அடி உயரத்தில் பார்த்த காற்றும் தரையில் இருப்பதும் ஒன்றல்ல. கீழே வர வர வேகம் குறையும், திசையும் சற்றுத் திரும்பும். மேலே செட் பண்ணிய கோணத்தை அப்படியே கீழே கொண்டுவந்தால் தப்பாகிவிடும்.

கடைசியாக அந்தப் புகழ்பெற்ற எண். செஸ்னா 172-எஸ் கையேட்டில் 15 நாட், செஸ்னா 152-இல் 12. பிள்ளைகள் இதை வேகத்தடை மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள்: 15 வரை இறங்கலாம், 16-இல் கூடாது என்று. அது அப்படிப்பட்ட எண்ணே அல்ல. சான்றிதழ் தரும்போது அன்றைய விதி கேட்டது, லேண்டிங் நிலையில் ஸ்டால் வேகத்தின் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் பலத்தை இழந்துவிடும்) ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத பக்கக்காற்றைச் சமாளிக்க வேண்டும் என்பதுதான். 172-க்கு அது சுமார் 10 நாட். கம்பெனியின் டெஸ்ட் பைலட் 15-இல் செய்து காட்டினார், அதை எழுதி வைத்தார்கள். விமானம் அதற்கு மேலும் தாங்கலாம். ஆனால் ஓட்டியது டெஸ்ட் பைலட் என்பதை மறக்கக்கூடாது.

## முதல் வழி: நண்டு நடை

கிராப் என்றால் நண்டு. காற்று இடப்பக்கமிருந்து வந்தால் மூக்கை இடப்பக்கம் திருப்பி, இறக்கையை மட்டமாக வைத்து, பக்கவாட்டில் நடக்கிற நண்டு மாதிரி சென்டர்லைன் வழியே வருவது. வெள்ளம் ஓடும் ஆற்றில் எதிர்க்கரைப் படித்துறைக்குப் போகிற பரிசல்காரர் என்ன செய்கிறாரோ அதேதான்: படித்துறையைப் பார்த்துப் போகமாட்டார், அதற்கு மேலே ஒரு இடத்தைக் குறிவைத்துத் துடுப்புப் போடுவார். 12 நாட் பக்கக்காற்றில் ஒரு 172-க்கு மூக்கு ஏறக்குறைய 10 டிகிரி திரும்பியிருக்கும்.

இதில் எல்லாம் சுகம். ரட்டரும், இறக்கையைச் சாய்க்கும் தகடான ஐலரானும் சண்டை போடாது, பயணிக்கு வயிற்றைப் புரட்டாது, வேகமானி சரியாகக் காட்டும். ஆனால் 10 டிகிரி திரும்பிய மூக்கோடு சக்கரத்தை வைக்க முடியாது. ஃபிளேரில், அதாவது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணிக்கும் கட்டத்தில், தரையைத் தொடுவதற்குச் சற்று முன் ரட்டரை மிதித்து மூக்கை ரன்வேக்கு நேராக்க வேண்டும். நேராக்கிய உடனே விமானம் பக்கவாட்டில் ஓடிவிடாது; உந்தம் அதை ஒன்றிரண்டு விநாடி சென்டர்லைனிலேயே வைத்திருக்கும். அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் சக்கரம் தரையில் இருக்க வேண்டும். அதோடு, மூக்கைத் திருப்பும்போது காற்றுப் பக்கத்து இறக்கை முன்னேறிப் போவதால் அது மேலெழும். அதை அமுக்க அந்தப் பக்கம் ஐலரானும் கொடுக்க வேண்டும்.

எனக்கு 70 மணி நேரம் ஆகியிருந்தபோது நடந்தது இது. 152. இடமிருந்து காற்று, சொன்னது 9 நாட். நண்டு நடையில் அழகாக வந்தேன், கூட வந்த நண்பனிடம் பெருமையாக ஏதோ சொன்னதுகூட நினைவிருக்கிறது. 5 நாட் கூடுதல் வேகம், சுட்டெரிக்கும் மத்தியானம். ரட்டரை மிதித்து மூக்கை நேராக்கினேன், விமானமோ இறங்காமல் மிதந்துகொண்டே போனது. மிதக்க மிதக்க வலப்பக்கம் நகர்ந்தது. சென்டர்லைன் என் இடது தோளுக்கு அந்தப்பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று தெரிந்தது, எது என்று கைக்குத் தெரியவில்லை. வலது சக்கரம் ரன்வே ஓரத்தில் இறங்கி, அங்கிருந்து மண்ணுக்குள் போய், ஒரு ஓர விளக்கை உடைத்தது. மூக்குச் சக்கரம் மண்ணில் புதைய, ப்ரொப்பெல்லர் நுனி தரையைக் கீறிவிட்டு நின்றது.

அடி யாருக்கும் இல்லை. ஆனால் ப்ரொப்பெல்லர் மண்ணைத் தொட்டால் விஷயம் ப்ரொப்பெல்லரோடு முடியாது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டயர், விளக்கு, ப்ரொப்பெல்லர், இன்ஜின் என்று கணக்கு நீண்டது. என் தவறு ரட்டரை மிதித்ததல்ல, மிதித்த பிறகு மிதந்தபோது த்ராட்டிலைத் தள்ளி மேலே ஏறாததுதான். இந்த முறை அப்படி யோசிக்க நேரம் கொடுக்காது.

அப்படியானால் இது யாருக்கு? நீண்ட இறக்கை உள்ள கிளைடர்களுக்கு, இறக்கைக்குக் கீழே இன்ஜின் தொங்கும் பெரிய ஜெட்களுக்கு. அவை அதிகம் சாய்ந்தால் இறக்கை நுனியோ இன்ஜினோ தரையைத் தொட்டுவிடும். "ஏர்லைனில் இப்படித்தானே சார்" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் இதுதான்: ஆமாம், அவர்களுக்கு வேறு வழி குறைவு. எடையும் அதிகம் என்பதால் நேராக்கிய பிறகு அவர்களுடைய விமானம் நம்முடையதுபோல் காற்றில் காகிதமாக நகராது. பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரங்களையே 20 டிகிரி வரை திருப்பிவைத்துக்கொண்டு நண்டாகவே இறங்க வசதி செய்திருந்தார்கள். 1940-களில் வந்த எர்கூப் என்ற குட்டி விமானத்தில் ரட்டர் பெடலே கிடையாது. நண்டாகவே தரையைத் தொடும், உறுதியான சக்கர அமைப்பு அதைத் தாங்கி நேராக்கிக்கொள்ளும். நம் செஸ்னாவுக்கு அந்த வரம் இல்லை.

## இரண்டாம் வழி: இறக்கையைச் சாய்ப்பது

காற்று இடமிருந்து என்றால் இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். விமானம் காற்றுக்குள் சரிய முயலும். காற்று அதை வலப்பக்கம் தள்ள முயலும். இரண்டும் ஈடாகி சென்டர்லைனில் நிற்கும். மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், வலது ரட்டரால் அதை நேராகப் பிடியுங்கள். ஐலரான் ஒரு பக்கம், ரட்டர் மறுபக்கம். முதல் நாள் இது கட்டைவண்டியின் இரண்டு மாடுகளை இரண்டு திசையில் ஓட்டுவது போல் இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

வேலையைப் பிரித்துக்கொண்டால் எளிது. ஐலரான் எதற்கு? சென்டர்லைனில் இருக்க. ரட்டர் எதற்கு? மூக்கு நேராக இருக்க. வலப்பக்கம் நகர்ந்தால் ரட்டரைத் தொடாதீர்கள், இறக்கையை இன்னும் கொஞ்சம் சாயுங்கள். மூக்கு கோணலானால் ஐலரானைத் தொடாதீர்கள்.

கற்பவர்களுக்கு நான் இந்த முறையை முதலில் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. 300 அடியிலேயே இதில் நின்றுவிட்டால், அந்தக் காற்றை இந்த விமானம் சமாளிக்குமா என்ற பரீட்சை அங்கேயே நடந்துவிடுகிறது. வலது ரட்டரை முழுக்க மிதித்தும் மூக்கு நேராகவில்லை என்றால், காற்று இந்த விமானத்துக்கு மீறியது. கணக்கு என்ன சொன்னாலும், டவர் என்ன சொன்னாலும், பெடல் உண்மையைச் சொல்லிவிட்டது. 300 அடி உயரம் கையில் இருக்கிறது, த்ராட்டிலைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விடலாம். நண்டு நடையில் இந்தச் செய்தி ஃபிளேரில்தான் வரும்.

எச்சரிக்கை ஒன்று: கீழே வர வர காற்று குறையும் என்றேன். அதனால் 300 அடியில் ரட்டர் முழுக்கத் தேவைப்பட்டது, தரையில் தேவைப்படாமல் போகலாம். அப்படியென்றால் இன்னொரு சுற்று வந்து பாருங்கள். ஆனால் "கீழே சரியாகிவிடும்" என்று நம்பிக்கொண்டு அதே சுற்றில் இறங்கிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்காத சூதாட்டம்.

தரையைத் தொடும்போது சாய்ந்த இறக்கைப் பக்கத்துச் சக்கரம் முதலில், பிறகு மறுபக்கம், கடைசியாக மூக்கு. ஒற்றைச் சக்கரத்தில் உருளும் அந்தச் சில விநாடிகள் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதுதான் சரியான காட்சி. மூக்கு இறங்கும் நேரத்தில் ரட்டர் பெடல் ஒரு பக்கம் அழுந்தியிருந்தால் கவனம்: பைப்பர் வகையில் மூக்குச் சக்கரம் பெடலோடு நேரடியாகப் பிணைந்திருக்கும், பெடல் திரும்பிய பக்கமே விமானமும் பாயும்.

பலர் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். சக்கரம் மூன்றும் தரையில் என்றதும் கையைத் தளர்த்திவிடுகிறார்கள். வேகம் குறையக் குறைய ஐலரானின் பலமும் குறையும், எனவே அதைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும், நிற்கும்போது முழுக்கத் திரும்பியிருக்க வேண்டும். 172-க்கு இறக்கை மேலே, சக்கர அகலம் குறைவு. காற்றுப் பக்கத்து இறக்கையின் கீழே ஒரு கஸ்ட் நுழைந்தால் மறுபக்க இறக்கை நுனி தார்ரோட்டில் உரசும். வால்சக்கர விமானத்தில் நிலைமை இன்னும் மோசம். எடையின் மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் ஒரு சிறு திருப்பம் தானாகவே பெரிதாகி, வால் முன்னால் வந்துவிடும்.

மறைந்திருக்கும் விலைகளும் உண்டு. ஐலரானும் ரட்டரும் எதிரெதிராக இருக்கையில் விமானம் வேகமாக உயரம் இழக்கும், பவர் கொடுக்க வேண்டும். செஸ்னா 172-இன் ஸ்டாட்டிக் துளை இடப்பக்கம் மட்டும் இருப்பதால் இந்த நிலையில் வேகமானி சற்றுப் பொய் சொல்லும். 172-இல் ஃபிளாப்பை (மெதுவாக இறங்க இறக்கையின் பின்னால் தாழ்த்தும் தகடு) 20 டிகிரிக்கு மேல் வைத்து அதிகமாகச் சறுக்கினால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டர் லேசாக அலையக்கூடும் என்று கையேடே எச்சரிக்கிறது. பக்கக்காற்றில், ரன்வே நீளத்துக்குத் தேவையான குறைந்த ஃபிளாப் போதும் என்றும் சொல்கிறது. பின்சீட்டில் அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு நான்கு மைல் ஃபைனல் முழுக்க இப்படிச் சாய்ந்து வந்தால், அவர்கள் மறுபடி உங்களோடு பறக்க மாட்டார்கள்.

## மூன்றாம் வழி: இரண்டும் கலந்து

இதில் பேச அதிகம் இல்லை. ஃபைனல் முழுக்க நண்டு நடை, 200 அடிக்கு மேல் எங்கோ ஒரு இடத்தில் நிதானமாக இறக்கைச் சாய்ப்புக்கு மாறுவது. அனுபவமுள்ள பெரும்பாலோர் செய்வது இதுதான், நானும் இப்படித்தான். பயணிக்குச் சுகம், சோதனைக்கு நேரம், இரண்டும் கிடைக்கும். மாறும் இடத்தை ஒவ்வொரு நாளும் கீழே கீழே தள்ளிக்கொண்டு போவதுதான் ஆபத்து. 200 அடி 100 ஆகும், 100 ஐம்பது ஆகும், கடைசியில் உங்களை அறியாமல் முதல் வழிக்கே வந்துவிட்டிருப்பீர்கள்.

## நான்காம் வழி: இன்றைக்கு இங்கே வேண்டாம்

சுற்றிவிட்டு வருவது, கஸ்ட் அடங்கக் காத்திருப்பது, வேறு ரன்வேக்குப் போவது, கிளம்பாமலே இருப்பது. நான்கையும் ஒரே வழியாகத்தான் எண்ணுகிறேன்.

2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில், எம்மா புயல் வீசிய நாளில், லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 ரன்வே 23-இல் இறங்க முயன்றது. இடது இறக்கை நுனி தரையில் உரசியது. மேலே ஏறிச் சுற்றி வந்து ரன்வே 33-இல் பத்திரமாக இறங்கினார்கள். காற்று மேற்கு வடமேற்கிலிருந்து. 33-இல் பக்கக்காற்று குறைவாக இருந்திருக்கும். முதலிலேயே அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜெர்மன் விசாரணை அமைப்பு சொன்னவற்றில் நமக்குப் பொருந்துவது இது: "செய்து காட்டப்பட்ட அதிகபட்சப் பக்கக்காற்று" என்ற சொல்லை விமானிகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஜெட் ஓட்டுகிறவர்களுக்கே அந்தக் குழப்பம் என்றால் 40 மணி நேரப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பெங்களூர்க்காரர்களுக்கு இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. "முடியாவிட்டால் வேறு களத்துக்குப் போய்விடுவேன்" என்கிறார்கள். எங்கே? தேவனஹள்ளியில் இரண்டு ரன்வே, இரண்டும் 09/27. எச்ஏஎல் 09/27. எலஹங்கா 09/27. தெற்கிலிருந்து காற்று அடித்தால் ஜக்கூரையும் சேர்த்து நான்கு இடத்திலும் அது பக்கக்காற்றுதான். நீளமும் அகலமும் கூடுதலாகக் கிடைக்கும், அது சின்ன உதவி அல்ல. கோணம் மட்டும் மாறாது. மும்பை ஜுஹுவில் குறுக்கே இரண்டு ரன்வே உண்டு, 08/26-உம் 16/34-உம். கோயம்புத்தூரில் 05/23, தென்மேற்குக் காற்றுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். க்ராஸ்கன்ட்ரி போகிற நாளில் வழியில் எந்தக் களம் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைத் தரையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மேலே போய் வரைபடத்தைப் புரட்டினால் காற்றும் பார்க்க முடியாது, வழியும் பார்க்க முடியாது.

சுற்றி வருவதற்கும் பெங்களூரில் கொஞ்சம் கூடுதல் விலை. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி. 30 டிகிரி வெயிலில் விமானத்துக்கு அது 5,500 அடி மாதிரி தெரியும். மானி 65 காட்டினாலும் உண்மையில் காற்றில் 70-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள். மிதப்பு அதிகம், ஏறும் பலம் குறைவு. எனவே கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலே ஏறிவிடும் முடிவை ரன்வே பாதி கடந்த பிறகு எடுக்கக்கூடாது.

பண விலை எல்லோருக்கும் தெரிந்தது: ஒவ்வொரு சுற்றும் பில்லில் ஏறும். வீட்டில் நகையை அடகு வைத்துப் படிக்க வந்த பிள்ளைக்கு இது சாதாரணமா? இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து பிள்ளைகளை அதிகம் தடுப்பது பணமல்ல, டீக்கடை. "ரெண்டு தடவை சுத்தினான்டா" என்று மாலையில் யாராவது சொல்லிவிடுவார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு என் 152-இன் ப்ரொப்பெல்லர் கணக்கை எடுத்துக்காட்டுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நண்டு நடை, கடைசியில் உதை | இறக்கைச் சாய்ப்பு | கலப்பு | இன்று வேண்டாம் |
|---|---|---|---|---|
| காற்று மீறியது எப்போது தெரியும் | ஃபிளேரில் | 300 அடியில் | 200 அடி அளவில் | முன்பே |
| ஒரு விநாடி தவறினால் | சக்கரத்தில் பக்கச்சுமை, ஓரத்துக்கு நகர்வு | திருத்த நேரம் உண்டு | திருத்த நேரம் உண்டு | பெரும்பாலும் ஒன்றுமில்லை |
| மறைந்த விலை | டயர், சக்கரம் | உயரம் குறைதல், வேகமானிப் பிழை | மாறும் இடம் கீழே நழுவுதல் | பெட்ரோல், பில், கூச்சம் |
| யாருக்கு | பெரிய ஜெட், நீண்ட இறக்கை | கற்பவர், வால்சக்கரம் | உரிமம் பெற்றவர், பயணிகளோடு | எல்லோருக்கும் |

## இந்த நான்கிலும் சேராத ஒன்று

ரன்வேயில் நடக்கும் பக்கக்காற்று விபத்துகள் பெரும்பாலும் தகரத்தை வளைப்பதோடு நின்றுவிடும். உயிரை எடுப்பது அதற்கு முன்னால் வரும் ஒரு திருப்பம்.

26-க்கு இடக்கைச் சுற்றில் வருகிறீர்கள், காற்று தெற்கிலிருந்து. ஃபைனலுக்குத் திரும்புவதற்கு முன் வரும் குறுக்குப் பாதையான பேஸ் லெக்கில் நீங்கள் வடக்கு நோக்கிப் போகிறீர்கள், அந்தக் காற்று முதுகில் தள்ளுகிறது. நினைத்ததைவிட வேகமாகச் சென்டர்லைன் வந்து, தாண்டியும் போய்விடுகிறது. திரும்பவும் கோட்டுக்கு வர ஆசை. தரைக்கு அருகில் அதிகம் சாய்க்கப் பயம், அதனால் சாய்க்காமல் இடது ரட்டரை மட்டும் மிதித்து மூக்கை இழுக்கிறீர்கள், ஸ்டிக்கையும் பின்னால் இழுக்கிறீர்கள். தாழ்ந்த இறக்கை ஸ்டால் ஆகி விமானம் சுழலும். 500 அடியில் அதிலிருந்து மீள உயரம் கிடையாது. இறங்கும் முறையைப் பற்றிய சண்டை எல்லாம் இதைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான். கோட்டைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான், மேலே ஏறிச் சுற்றி வாருங்கள்.

## எந்த நாளில் எது

தனியாகப் பறந்து 50 மணி நேரம் ஆகாதவர் என்றால்: இறக்கைச் சாய்ப்பு, 300 அடியில் தொடங்கி. பக்கக்காற்று என் கணக்கில் 7 அல்லது 8 நாட்டுக்கு மேல் போனால் இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான். பள்ளி அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே வரம்பு.

உரிமம் கையில், ஆனால் மூன்று மாதமாகப் பறக்கவில்லை: உங்களை 50 மணி நேரக்காரர் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கை மறப்பதைவிடக் கால் சீக்கிரம் மறக்கும்.

வீட்டாரோடு நீண்ட ஃபைனல்: கலப்பு. மழை முடிந்து ஈரமான ரன்வே, கஸ்ட் 20-ஐத் தாண்டுகிறது, மாலை ஒளியும் போகிறது: கிளம்பாதீர்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் பெங்களூரில் இடிமேகம் கூடும்போது காற்று ஐந்து நிமிடத்தில் திசையை முற்றிலும் மாற்றிவிடும். அந்த நேரத்தில் எந்த முறையும் முறையே அல்ல.

அந்தப் பெண்ணிடம் இரண்டு இன்ஸ்ட்ரக்டரும் சரிதான், ஆனால் உனக்கு மத்தியானத்துக்காரர் என்று சொன்னேன். மறுநாள் பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: ஆரஞ்சு விண்ட்சாக், கிட்டத்தட்ட முழுக்க நீண்டு, நுனி மட்டும் தொங்கிக்கொண்டு. கீழே, "டவர் 240, 14-ன்னு சொல்றாங்க சார். எவ்வளவு வரும்?"

"கடிகாரத்தைப் பார்த்து நீயே சொல்லும்மா."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது. "20 நிமிஷம், மூணுல ஒரு பங்கு. அஞ்சு நாட்டுக்குப் பக்கம். போகலாமா?"

"அதை உன் பக்கத்துல நிக்கிற இன்ஸ்ட்ரக்டரைக் கேளு. கேக்கறதுக்கு முன்னாடி அந்த சாக்கை இன்னும் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, எவ்வளவு எகிறுதுன்னு சொல்லு."